மச்சான் மாட்டிக்கொண்ட கதை

படக்காரப் பெண்ணின் போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் உச்சியில், மெஷின் ரூமுக்குள் குந்தியிருந்தார். கையெல்லாம் கிரீஸ். விரல் கணுவால் திரையைத் தொட்டு, போனைத் தரையிலேயே விட்டுவிட்டுக் குனிந்து பேசினார்.

"சார், உங்க அத்தானைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்கறோம். நீங்க இல்லாம அது முழுசாகாது. உங்க வீட்டுக்கே வந்துடறோம், அரை மணி நேரம் பேசினாப் போதும்."

"நான் என்னம்மா பேசறது? பேசறவர் அவரு."

"அதுக்குத்தான் சார் கூப்பிடறேன். இத்தனை வருஷமா அவர் உங்களைப் பத்திப் பேசிட்டாரு. நீங்க ஒரு தடவையாவது பேசியிருக்கீங்களா?"

"சனிக்கிழமை வாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. மனசு அதற்கப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு மீதி வேலையை முடித்து, பன்னிரண்டு மாடியையும் படி வழியாகவே இறங்கினார். எந்த லிஃப்டுக்குள்ளும் நிற்கப் பொறுமை இல்லை.

அவருடைய அக்காவைக் கட்டியவர்தான் அத்தான். ஒற்றை மைக்கோடு மேடையில் நின்று ஒன்றேகால் மணி நேரம் ஓர் அரங்கத்தையே வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கிற மனிதர். அவர் நிகழ்ச்சிகள் மூன்று முறை முழுசாகப் படமாகியிருந்தன. முதலாவது, பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி அரங்கில் ஒரே கேமராவில் எடுத்தது. அதில் அத்தான் ஒல்லியாக, இரவல் கோட்டுக்குள் தொளதொளவென்று ஒரு சாம்பல் நிறச் சட்டையோடு நிற்பார். இரண்டாவது ஒரு பெரிய தியேட்டரில். மூன்றாவது விளையாட்டு அரங்கில், ஏழு கேமரா வைத்து. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களும், பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்களும், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் அதைத்தான் போட்டுப் பார்த்தார்கள். கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிப் போனவர்கள்கூட அடுத்த வரி வருவதற்கு முன்பே சிரித்தார்கள்.

மூன்றிலும் மச்சான் வருவான். முதல் படத்தில் நாலு நிமிஷம். இரண்டாவதில் பதினொன்று. மூன்றாவதில் இருபத்திரண்டு நிமிஷம் மச்சான்தான். அந்த மச்சான் வேறு யாருமில்லை, இவர்தான்.

அத்தான் சொல்லும் கதை இது. மச்சான் ஒரு லிஃப்டை ரிப்பேர் செய்கிறான். செய்து முடித்துத் தானே அதில் ஏறுகிறான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிடுகிறது. மச்சான் பதறவில்லை. அபாய மணியை அமுக்குகிறான். அந்த மணி எங்கே போகும்? டியூட்டியில் இருக்கிற மெக்கானிக்கின் போனுக்கு. மச்சானின் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுக்கிறான். "வணக்கம், சொல்லுங்க. எத்தனை பேர் மாட்டியிருக்கீங்க?" அவனே பதிலும் சொல்கிறான். "ஒருத்தர்தான் சார்." "பயப்படாதீங்க, மெக்கானிக் பக்கத்துலதான் இருக்காரு." "அதான் சார் பயமா இருக்கு."

அந்த இடத்தில் அரங்கம் இடிந்து விழும். மூன்றாவது படத்தில் மச்சானுக்குக் கோபம் வேறு வந்துவிடும். "எவ்வளவு நேரம்யா வெயிட் பண்றது? உன் பேரைச் சொல்லு, மேல எழுதிப் போடறேன்" என்று தன்னையே மிரட்டுவான். "உங்க பேருதான் சார் என் பேரும்" என்று தானே பம்முவான்.

ஊரில் பாதிப் பேருக்கு மெக்கானிக்கின் பெயர் தெரியாது. மச்சான் என்றால் தெரியும். பழுது பார்க்கப் போகிற இடத்தில் வாட்ச்மேன் சிரிப்பார், மூன்றாம் மாடிக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார், கையில் காய்கறிப் பையோடு வருகிறவர் "மச்சான், நான் ஏறலாமா, இல்ல போன் வருமா?" என்பார். இவரும் சிரித்து வைப்பார். சிரிக்காவிட்டால் அதுவும் ஒரு கதையாகிவிடும்.

ஒரே ஒரு தடவை சிரிக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஆள் தேடினார்கள். முப்பது வருஷ அனுபவம், ஒரு விபத்துகூடக் கிடையாது. இவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே, "தப்பா நினைக்காதீங்க. பாதுகாப்புன்னு நீங்க வாயைத் திறந்தாலே பசங்க சிரிச்சுடுவாங்களே" என்றார். வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நாலு பேர் வந்து வீட்டைத் தலைகீழாக்கினார்கள். பீரோவை நகர்த்தினார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். ஒலிப்பதிவாளர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், பிறகு ஃபிரிட்ஜையும். விளக்கு வெளிச்சத்தில் மெக்கானிக்குக்குக் காதோரம் வியர்வை கோடு போட்டது.

"சார், காலை ஆட்டாதீங்க. நாற்காலி சத்தம் மைக்ல விழுது" என்றார் ஒலிப்பதிவாளர்.

காலை நிறுத்தினார். கை ஆட ஆரம்பித்தது.

படக்காரப் பெண் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம், வேலை, அக்கா கல்யாணம் என்று சுற்றி வளைத்து வந்து, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அத்தானிடம் ஏற்கனவே எடுத்த பேட்டி. திரையில் அத்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மச்சான் கிடைச்சது என் அதிர்ஷ்டம். நான் எதையும் கற்பனை பண்ண வேண்டியதில்ல. அவன் பாட்டுக்கு வாழறான், நான் பாட்டுக்கு எழுதிக்கறேன்."

"அன்னைக்கு லிஃப்டுக்குள்ள நிஜமா என்னதான் சார் நடந்துச்சு?" என்று கேட்டாள்.

கேமராவின் சிவப்புப் புள்ளி அசையாமல் இருந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவியை ஒரு தரம் பார்த்தார். "அதான் அத்தானே சொல்றாரே. அப்படியேதான்" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் மனைவி பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகையும் விடமாட்டாள்.

"ஏங்க, ரெண்டு பேர் இருந்த இடத்தை ஒருத்தர்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போறீங்க?"

"இப்ப அதைக் கிளப்பி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தப் பொண்ணு கேட்டப்போ உங்க முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்தக் கேமராவும் பார்த்துச்சு."

அவள் சொன்னது சரிதான். அன்றைக்கு லிஃப்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்.

அத்தான் அப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலங்களில் சின்னச் சின்ன அரங்குகளில் பேசுவார். முதல் முறையாகப் படமெடுக்கிறார்கள் என்றதும் இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்கின் பராமரிப்பில் இருந்தது. துணைக்குக் கூட வந்தார். நாலாவது மாடி தாண்டியதும் மின்சாரம் ஒரு துடிப்புத் துடித்து, லிஃப்ட் நின்றுவிட்டது. சின்னக் கோளாறுதான். மேலே ஆள் போய் மோட்டாரைக் கையால் சுற்றினால் லிஃப்ட் இறங்கிவிடும். ஆனால் அத்தானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. "என்னால முடியாதுடா, நான் வீட்டுக்குப் போறேன், நான் இங்கேயே செத்துடுவேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மெக்கானிக் அபாய மணியை அமுக்கினார். மணி தன் போனுக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சக ஊழியருக்கு ஏற்கனவே செய்தி அனுப்பியாகிவிட்டது, வர இருபது நிமிஷமாகும். அதுவரை இந்த மனிதரை எப்படியாவது மூச்சு விட வைக்க வேண்டும். சட்டைப் பையில் அடித்த போனை எடுத்து, அலுவலகக் குரலில் ஆரம்பித்தார். "வணக்கம், சொல்லுங்க. எத்தனை பேர் மாட்டியிருக்கீங்க?" பிறகு, நடுங்குகிற குரலில், அத்தான் மாதிரியே: "ரெண்டு பேர் சார்." "பயப்படாதீங்க, மெக்கானிக் பக்கத்துலதான் இருக்காரு." "அதான் சார் பயமா இருக்கு."

அழுதுகொண்டிருந்த அத்தான் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் சிரிப்பு பீறிட்டது. "இன்னொரு தடவை பண்ணுடா" என்றார். பண்ணினார். அந்த இருபது நிமிஷத்தில் ஆறு தடவை பண்ணினார். வெளியே வந்ததும் தன் சாம்பல் நிற வேலைச் சட்டையைக் கழற்றி அத்தானுக்குக் கொடுத்துவிட்டு, அத்தானின் ஈரச் சட்டையைத் தான் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்.

மேடையேறிய அத்தானுக்கு எழுதி வைத்தது எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது லிஃப்ட்தான். ஆனால் அதில் அத்தான் இல்லை, ஒரு முட்டாள் மச்சான் மட்டும் இருந்தான். அரங்கம் அதிர்ந்தது. அந்த நாலு நிமிஷம்தான் ஊரெல்லாம் பரவியது, அத்தானை எழுத்தர் வேலையை விடவைத்தது, அக்காவுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தது. அன்று கடைசி வரிசையில் நின்ற மெக்கானிக்குக்குப் பெருமை பிடிபடவில்லை, தன் வார்த்தைக்கு முந்நூறு பேர் சிரிக்கிறார்கள் என்று. அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு சொல்கிற காலம் தாண்டிவிட்டது. அக்கா புருஷனிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

பேட்டி முடிந்த மறு வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ ஆறும்வரை கையில் வைத்திருந்து கொட்டினார். பேருந்தில் இடம் இருந்தும் நின்றார். மனதுக்குள் படக்காரப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு பதில்.

புதன்கிழமை ஒரு குடியிருப்பில் எட்டாவது மாடிக் கதவின் பூட்டில் கோளாறு. கோளாறு எந்த மாடியில் என்று கண்டுபிடிக்க, கண்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு வயரைக் குறுக்கே செருகிச் சோதிப்பார்கள். அந்த வயர் இருக்கிறவரை கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். அதனால் வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதை உருவிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டைச் சரிசெய்தார், பெட்டியை மூடினார், கையெழுத்து வாங்கினார், கிளம்பினார். பேருந்து நாலு நிறுத்தம் போன பிறகு பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினார். எப்போதும் அங்கே சுருட்டி வைத்திருக்கும் சிவப்பு வயர் இல்லை.

ஓடுகிற பேருந்தின் கதவைத் தட்டி இறங்கினார். எதிர்ப்பக்கம் வண்டி எதுவும் வரவில்லை. ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், கருவிப் பை இடுப்பில் இடிக்க இடிக்க, வெயிலில் ஓடினார். கட்டடத்துக் கீழ்த்தளத்தில் குழந்தை வண்டியோடு ஒருவர் லிஃப்டுக்காகக் காத்திருந்தார்.

"ஏறாதீங்க! யாரும் ஏறாதீங்க!"

அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, முகம் மலர்ந்து, "என்ன மச்சான், இன்னைக்கும் மாட்டிக்கிட்டீங்களா?" என்றார்.

மெக்கானிக் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, படியேறி மேலே போனார். பெட்டியைத் திறந்தார். சிவப்பு வயர் செருகியபடியே இருந்தது. உருவினார். யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. ஒரு முக்கால் மணி நேரம் அந்த லிஃப்ட் அப்படியே ஓடியிருக்கிறது, யாராவது காலை வெளியே வைக்கிற நேரத்தில் கிளம்பியிருக்கலாம். மெஷின் ரூம் தரையில் உட்கார்ந்துகொண்டு கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அத்தான் கதையில் வருகிறவன் செய்கிற வேலை இது. அவனாகவே நான் ஆகிக்கொண்டு வருகிறேனா என்று நினைத்தபோது நிஜமாகவே பயம் பிடித்தது.

அங்கேயே உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அடுத்து அக்காவுக்குப் போன் செய்தார். "நாளைக்குக் காலைல வர்றேன். அத்தான் இருப்பாரா?"

அத்தான் இருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டுத் தன்னுடைய முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படக்காரப் பெண் அதைத் துடைத்துத் துலக்கிப் புதிதாக்கிக் கொடுத்திருக்கிறாளாம். "வாடா மச்சான்! இந்தக் கையைப் பாரு, பஸ்ஸை நிறுத்தற மாதிரி ஆட்டறேன். எப்படித்தான் சிரிச்சாங்களோ!"

"அத்தான், ஒண்ணு பேசணும். அந்த லிஃப்ட்ல நீங்களும் இருந்தீங்க."

"எந்த லிஃப்ட்ல?"

"இருக்கறதே ஒரு லிஃப்ட்தானே அத்தான்."

அத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நானா? நான் மேல இருந்தேன்டா. நீ வரலையேன்னு காத்துட்டு இருந்தேன். அப்புறம் நீ வந்து சொன்னே, நான் மேடையில சொன்னேன்."

அவர் நடிக்கவில்லை என்றுதான் மெக்கானிக்குக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் கலக்கியது. பதினான்கு வருஷம், ஆயிரம் மேடை. சொல்லச் சொல்ல அத்தான் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தன்னைத் தானே வெளியே எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

டீயோடு வந்த அக்கா தட்டைக் கீழே வைத்தாள். திரையில் சத்தமில்லாமல் கையாட்டிக்கொண்டிருந்த ஒல்லி மனிதரைக் காட்டினாள்.

"அந்தச் சட்டை யாரோடது?"

"ஏன், என்னோடதுதான்" என்றார் அத்தான்.

"அன்னைக்கு நான் தேய்ச்சுக் குடுத்து நீங்க போட்டுட்டுப் போனது வெள்ளைச் சட்டை. வீட்டுக்கு வந்தது இவனோட சாம்பல் சட்டை, கையில கிரீஸோட. துவைச்சவளுக்குத் தெரியாதா?"

அத்தான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கோட்டுக்குள் தொளதொளத்த அந்தச் சட்டையை வெகுநேரம் பார்த்தார். அவர் கழுத்து மெதுவாகச் சிவந்தது.

"ஏன்க்கா, தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார் மெக்கானிக்.

"நீயும்தான் சொல்லலை. எனக்குத் தம்பி ஒருத்தன், புருஷன் ஒருத்தர். ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருந்தா நான் எதுக்குத் திறக்கணும்னு இருந்துட்டேன். தப்புதான்."

அத்தான் திரும்பினார். "சரிடா. இருந்தேன். அழுதேன். போதுமா? அதைப் படத்துல மட்டும் சொல்லிடாதே. ஜனங்களுக்கு என்னைப் பார்த்தாப் பாவமா இருக்கும். பாவப்பட்டவனைப் பார்த்து யாருடா சிரிப்பா? இது என் படம், மச்சான்."

"உங்க படம்தான் அத்தான். ஆனா நேத்து என் கை நடுங்கிச்சு. என்னைப் பார்த்தாலே சிரிக்கறாங்க, பாதுகாப்புன்னு நான் சொன்னா ஒருத்தர் காதுல ஏறல. ஏறாதீங்கன்னு நான் கத்தறேன், அவர் சிரிக்கறாரு. குழந்தையோட நிக்கறாரு அத்தான்." டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

மறு சனிக்கிழமை அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் இன்னொரு பேட்டி, அந்தப் பழைய கட்டடத்தில், அதே லிஃப்டுக்குள். பெட்டியை மாற்றியிருந்தார்கள். கண்ணாடியும் எஃகும் பளபளத்தன. கேமராக்காரர் ஒரு மூலையில், ஒலிப்பதிவாளர் இன்னொரு மூலையில், படக்காரப் பெண் தரையில் சம்மணமிட்டு.

மெக்கானிக் ஆரம்பத்திலிருந்து சொன்னார். அத்தானின் மூச்சைச் சொன்னார், சுவரைப் பிடித்த கையைச் சொன்னார். போன் அடித்த இடம் வந்ததும் அவரை அறியாமல் குரல் மாறியது. "அதான் சார் பயமா இருக்கு" என்றபோது ஒலிப்பதிவாளர் குபீரென்று சிரித்துவிட்டார். மைக் கம்பு ஆடி, கேமராவுக்குள் எட்டிப் பார்த்தது.

"மன்னிச்சுக்கங்க சார். இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சொன்னார். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. அத்தான் அழுத பகுதியைக் கொஞ்சம் சுருக்கினார், அது சிரிப்பைத் தாமதப்படுத்தியது. போனில் பேசும்போது, அன்றைக்குச் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தார். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. மேடையில் அத்தானுக்கு இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தார்.

கீழே இறங்கியதும் அந்தச் சூடு ஆறிப்போனது. வாசலில் இரண்டு தரம் அப்படியும் இப்படியும் நடந்தார். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த படக்காரப் பெண்ணிடம் திரும்பி வந்தார்.

"மேடம், ரெண்டாவது தடவை சொன்னதைப் போட்டுடாதீங்க."

"ஏன் சார்? அதுதான் அருமையா இருந்துச்சு!"

"அதுல ஒரு வரி பொய். அத்தான் அழுததையும் பாதி முழுங்கிட்டேன். நீங்க சிரிக்கறீங்கன்னு தெரிஞ்சதும் வாய் தானா கதையை வெட்டி ஒட்டுதும்மா. ரெண்டே தடவைல எனக்கே இப்படின்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "முதல்ல சொன்னதையே போடுங்க. சிரிப்புச் சத்தம் விழுந்திருந்தாலும் பரவாயில்ல."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அத்தான் வீடு தேடி வந்தார். முன்னறிவிப்பில்லாமல் அவர் வந்ததே கிடையாது. மனைவி நாற்காலியைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்கண்ணா" என்றாள். வேண்டாமென்றார். உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலண்டை போனார், மறுபடி உட்கார்ந்தார். மேடையில் அசையாமல் நின்று ஆளைச் சாய்க்கிற மனிதருக்கு ஒரு நாற்காலியில் நிலையாக உட்கார முடியவில்லை.

"அந்தப் பொண்ணு காட்டினா. நீ பேசினதைப் பார்த்தேன்" என்றார். "நல்லாச் சொல்றேடா. என்னைவிட நல்லா."

"அப்படியெல்லாம் இல்ல அத்தான்."

"இரு. அடுத்த மாசம் நாலாவது நிகழ்ச்சி எடுக்கறாங்க. இந்தப் படம் வந்தப்புறம் பழைய மச்சானைச் சொல்ல முடியாது. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்குன்னு யோசிச்சேன். பயமா இருக்குடா." நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அதை நீ எனக்குக் குடுத்துட்டதா நெனச்சுக்கயேன்."

"குடுத்ததுதான் அத்தான். அன்னைக்கே குடுத்தாச்சு. யார் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. யாருக்குக் குடுத்தாங்கன்னும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தலையின் உச்சியில் முடி கொட்டி வழுக்கை தெரிந்தது. மூன்று படங்களிலும் அந்தக் கோணத்தில் ஒருவரும் அவரை எடுத்ததில்லை. "அழறதைச் சொன்னா சிரிப்பாங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. நீங்கதானே அதைப் படிச்சவரு."

அடுத்த மாதம் நிகழ்ச்சியை இரண்டு நாள் தொடர்ந்து எடுத்தார்கள், இரண்டில் நல்லதை வைத்துக்கொள்ள. முதல் நாள் மூன்றாவது வரிசையில் மெக்கானிக், பக்கத்தில் மனைவி, அந்தப் பக்கம் அக்கா. மச்சான் என்ற சொல் வந்ததுமே அரங்கம் கைதட்டியது. என்ன வரப்போகிறது என்று தங்களுக்குத் தெரியும் என அவர்கள் நினைத்தார்கள்.

"இதுவரைக்கும் நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிருக்கேன்" என்று அத்தான் ஆரம்பித்தார். "அந்த லிஃப்ட்ல ரெண்டு பேர். ஒருத்தன் முட்டாள். அவன் மச்சான் இல்ல." அங்கங்கே சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னார், செத்துவிடுவேன் என்றதைச் சொன்னார். அரங்கம் அடங்கிப்போனது. ஒருவர் இருமினார். இது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது; மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து இருக்கையோடு அழுத்தினாள். அத்தான் அவசர அவசரமாகப் போனுக்குத் தாவினார். "ரெண்டு பேர் சார்." பின்னாலிருந்து ஒரு பெண் தனியாகச் சிரித்தாள். "அதான் சார் பயமா இருக்கு." அப்போதுதான் சிரிப்பு வந்தது. பழைய இடி இல்லை. மெல்ல எழும்பி, பரவி, அடங்க நேரமெடுத்துக்கொண்டது. பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த நீளமான நடையில் அத்தான் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி மெக்கானிக்கைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார்.

"நல்லா இருந்துச்சு அத்தான்."

"மூஞ்சிக்கு முன்னால சொல்ற பேச்சு வேணாம். நீ சொல்லு."

மெக்கானிக் தயங்கினார். "அழற இடத்தை ஓடித் தாண்டிட்டீங்க. அவங்க இன்னும் உள்ளேயே வரலை, அதுக்குள்ள போனை எடுத்துட்டீங்க."

"அங்க நிக்க முடியலடா. அவ்வளவு பேர் முன்னால, அந்த அமைதி இருக்கே... மூச்சு முட்டுது."

"தெரியும். நான் பக்கத்துலதான் இருந்தேன். இருந்தாலும் நாளைக்கு நில்லுங்க."

"எத்தனை நொடி?"

"நொடி எல்லாம் எனக்குத் தெரியாது. அவங்க மூச்சு விடுற சத்தம் கேக்கற வரைக்கும்."

அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நடையிலேயே நாலடி முன்னால் போய்த் திரும்பி, சுவரைப் பிடித்தார். "இப்படியா?" அக்கா வீட்டுக்குக் கிளம்பலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். யார் காதிலும் விழவில்லை. "இல்ல அத்தான்," என்று மெக்கானிக் அவர் கையை எடுத்து இன்னும் கீழே வைத்தார். "இங்க."